பக்கத்துப் பல்லின் நிறம்

அத்தியாயம் ஒன்பது

திரும்பி வந்த அந்தப் பல்லை மறந்திருக்கமாட்டீர்கள். கொட்டாஞ்சேனையில் பல் செய்கிற லாபில் செலீன் செய்து, வெள்ளவத்தைக்குப் போய், வாயில் வைத்துப் பார்த்த கையோடு திரும்பிவிட்ட பல். வெள்ளை கூடிப்போயிற்று என்று டொக்டர் இப்திகார் சீட்டு வைத்து அனுப்பியிருந்தார். இருபத்திரண்டு வருட வேலையில் செலீனுக்குப் பல் திரும்பி வந்தது இது நாலாவது தடவை. அதுவும் யாரோ ஒருவருக்குச் செய்த பல் இல்லை, சொந்தத் தம்பி மனைவிக்குச் செய்தது.

டில்ஷானி குளியலறையில் வழுக்கி விழுந்தாள், மேல் முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மகள் ஷெரினுக்குக் கோவிலில் முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்காகச் சனிக்கிழமை சிலாபத்திலிருந்து டில்ஷானியின் தாயும் தகப்பனும் வருகிறார்கள். அவர்கள் வந்து இறங்கும்போது பல் வாயில் இருக்க வேண்டும் என்று செலீனின் தாய் மாக்ரெட் ஒற்றைக் காலில் நின்றாள்.

இன்று வியாழக்கிழமை.

பல்லுக்கு நிறம் பார்ப்பது என்ன பெரிய வேலையா என்று கேட்பவர்கள் ஒரு நாள் செலீனோடு இருந்து பார்க்க வேண்டும். வெள்ளை என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிற நிறத்தில் அவளிடம் பதினாறு வகை இருக்கிறது. ஒரு சட்டத்தில் வரிசையாகப் பதினாறு மாதிரிப் பற்கள். ஏ-வன், ஏ-டூ என்று ஒவ்வொன்றுக்கும் பெயர், எண் கூடக் கூட வெள்ளை குறையும். ஒன்றை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஐந்து விநாடி பார்ப்பாள். அதற்கு மேல் பார்த்தால் கண் பொய் சொல்லத் தொடங்கிவிடும். உடனே ஒரு சாம்பல் நிற அட்டையைப் பார்த்துக் கண்ணைத் தெளிய வைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பாள். பெண் கேட்டு வந்த மூன்று மாப்பிள்ளைகளையும் இவள் இப்படித்தான் பார்த்தாள் என்று மாக்ரெட் சொல்லிச் சிரிப்பதுண்டு. மூன்றுமே தட்டிப்போயின. செலீனுக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது.

டொக்டர் செய்த பிழை சின்னதுதான். உடைந்த பல்லை ராவித் தேய்த்து முடித்த பிறகு, கடைசியில் நிறம் பார்த்திருக்கிறார். ஒரு மணித்தியாலம் வாய் திறந்தபடி இருந்தால் பல் காய்ந்துபோகும். காய்ந்த பல் உள்ளதைவிட வெள்ளையாகத் தெரியும். அவர் ஏ-வன் என்று எழுதினார், செலீன் சீட்டை நம்பி ஏ-வன்னில் செய்துவிட்டாள். மற்றவர்களுக்கென்றால் நேரே போய்ப் பார்த்திருப்பாள். தம்பி மனைவிதானே, தெரியாத வாயா என்று விட்டுவிட்டாள்.

அதனால்தான் இன்று காலை அவளே வெள்ளவத்தைக்குப் போனாள்.

*

டொக்டரின் கிளினிக் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில், முதலாம் மாடியில் இருந்தது. நிறம் பார்க்கப் பத்து மணி வெளிச்சம் நல்லது. நாற்காலியை யன்னல் பக்கம் திருப்பச் சொன்னாள் செலீன்.

"வேலை ஒண்டும் தொடங்காதேங்கோ டொக்டர். முதல்ல நிறம்."

"சரி மிஸ்" என்று டொக்டர் கையைக் கட்டிக்கொண்டார். பிழை தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். நல்ல மனிதர், அவசரக்காரர்.

தம்பி றொஹானும் வந்திருந்தான். ஒருகொடவத்தைக் கொண்டெய்னர் யார்டில் சுப்பவைசர். தனிக்குடித்தன வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தவன், கம்பனி கொடுத்த செம்மஞ்சள் ரீ-ஷேர்ட்டோடு நின்றான். கையில் ஒரு கடதாசிப் பை.

"அக்கா, காலமை சாப்பிட்டிருக்கமாட்டாய் எண்டு தெரியும். இந்தா, ரோல்ஸ். சூடா இருக்கு."

இவனைப்போல் ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று லாபில் எல்லோரும் செலீனிடம் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நோகுதா டில்ஷானி?"

"இல்லை, இப்ப நோவில்லை" என்றான் றொஹான்.

"குளிர்த்தண்ணி குடிக்கேக்க?"

"குளிர் ஒண்டும் அவ குடிக்கிறேல்ல அக்கா."

செலீன் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பஞ்சால் டில்ஷானியின் உதட்டுச் சாயத்தைத் துடைத்தாள். சட்டையின் நிறம் பல்லில் விழாமல் கழுத்திலிருந்து சாம்பல் நிறத் துணியொன்றைப் போர்த்தினாள். இடப்பக்க முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் டொக்டர் வைத்த தற்காலிகப் பல் இருந்தது. அதை விட்டுவிட்டு, வலப்பக்க முன்பல்லுக்குப் பக்கத்தில் ஏ-டூவைப் பிடித்தாள். முன்பற்கள் இரண்டும் இரட்டையர். ஒன்று போனால் மற்றதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

கண்ணைப் பாதி மூடினாள்.

ஏ-டூ பொருந்தவில்லை. ஏ-த்ரீயும் பொருந்தவில்லை. மஞ்சள் கூடியோ குறைந்தோ இருந்தால் அவளுக்கு வழி தெரியும். இது மஞ்சள் சம்பந்தப்பட்டதே இல்லை. பல்லுக்குள்ளே ஒரு சாம்பல் இருந்தது. பல் முளைக்கிற முரசுச் சதைக்குக் கிட்ட, மெல்லிய மண்ணிறத்தோடு சேர்ந்த சாம்பல். பார்ப்பவர்களுக்குச் சட்டென்று தெரியாது. பல்லையே பார்த்துப் பிழைப்பவளுக்குத் தெரியாமல் போகாது.

அந்தப் பல் செத்துக்கொண்டிருந்தது.

அடிபட்ட பல் அன்றைக்கே நிறம் மாறாது. உள்ளே நரம்பு செத்து, இரத்தம் ஊறி, நிறம் வெளியே தெரிய மாதங்கள் எடுக்கும். டில்ஷானி குளியலறையில் விழுந்ததாகச் சொன்னது மூன்று கிழமைக்கு முன்பு. இந்தப் பல் அடிபட்டு ஆறு மாதமாவது ஆகியிருக்கும்.

செலீன் சாம்பல் அட்டையைப் பார்த்தாள். கண் தெளிய ஐந்து விநாடி போதும். அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"றொஹான், நீ கொஞ்சம் வெளியில நில்."

"ஏன்?"

"உன்ர ரீ-ஷேர்ட் நிறம் பல்லில அடிக்குது. பிறகு இதுவும் பிழைச்சு வந்தா மம்மி என்னைத்தான் தின்னுவா."

அவள் சொன்னது உண்மைதான். செம்மஞ்சள் பக்கத்தில் நின்றால் எந்தப் பல்லும் தன் நிறத்தில் இருக்காது. ஆனால் அவன் வந்து பத்து நிமிடமாக அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். டொக்டர் செலீனின் முகத்தைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் றொஹானின் தோளில் கை போட்டு, "வாங்க, அப்பொய்ன்ட்மென்ட் ஒண்டு போட்டுக்குவோம்" என்று வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

கதவு சாத்தியதும் செலீன் குனிந்தாள்.

"எப்ப?"

சாம்பல் துணிக்குள் டில்ஷானியின் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டது தெரிந்தது.

"குளியலறையில விழுந்தது மூண்டு கிழமை. இது அது இல்லை. இது எப்ப நடந்தது பிள்ளை?"

"ஈஸ்டருக்கு முதல் கிழமை" என்றாள் டில்ஷானி. குரல் காற்றாக வந்தது. "சொண்டு வீங்கியிருந்ததெல்லோ மச்சாள். நீங்கள் கேட்டனீங்கள்."

கேட்டாள்தான். ஈஸ்டர் அன்றைக்கு மேசையில் எல்லோருக்கும் முன்னால் கேட்டாள். ஓட்டோ சடாரென்று பிரேக் போட்டதில் உதடு கம்பியில் இடித்துக்கொண்டது என்று றொஹான் சொன்னான். ஓட்டோக்காரருக்கும் உன்னில் ஒரு கண்ணோ என்று செலீன் பகிடி விட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், டில்ஷானியும் சிரித்தாள். அதை இப்போது நினைக்கச் செலீனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"அம்மாவுக்குச் சொல்லேல்லையா?"

"போனில கதைக்கேக்க பக்கத்தில இருப்பார்."

"நான் மம்மியோட..."

"மம்மிக்குச் சொல்லாதேங்கோ!" துணிக்குள்ளிருந்து கை வெளியே வந்து செலீனின் மணிக்கட்டைப் பிடித்தது. "கர்த்தர் மேல ஆணையாச் சொல்லுறன் மச்சாள், மம்மிக்கு மட்டும் சொல்லாதேங்கோ. மம்மிக்குப் போனா அவருக்குப் போகும். சனிக்கிழமை அம்மா வரட்டும். அம்மா வந்தோண்ண நான் பாத்துக்கொள்ளுறன். ரெண்டு நாள்தானே."

"சரி. சொல்லேல்ல. கையை விடு."

வெளியே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. செலீன் மாதிரிப் பற்களைக் கையில் எடுத்துக்கொண்டாள். எதைச் செய்ய? பக்கத்துப் பல்லுக்குப் பொருத்தமாகச் செய்தால், செத்த பல்லின் நிறத்தில் இன்னொரு பல் செய்ய வேண்டும். நல்ல நிறத்தில் செய்தால், செத்தது எது என்று ஊருக்கே தெரியும்.

"எந்த நிறத்தில செய்யட்டும்?" என்று கேட்டாள்.

டில்ஷானி யோசித்தாள். "கலியாணத்தண்டைக்கு இருந்த நிறம் நினைவிருக்கா உங்களுக்கு?"

"ஏ-டூ" என்றாள் செலீன். எந்த வாயின் நிறத்தையும் அவள் மறந்ததில்லை.

கதவைத் திறந்துகொண்டு றொஹான் வந்தான். ரீ-ஷேர்ட் இல்லை, அதைக் கழற்றிவிட்டு, டொக்டரிடம் ஒரு வெள்ளைக் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். "இப்ப சரிதானே அக்கா?" என்று சிரித்தான்.

"முடிஞ்சுது. ஏ-டூ போடுறன்."

அவன் மனைவியின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினான். மெதுவாகத்தான் திருப்பினான். டில்ஷானி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்ப மற்றதை என்ன செய்யிறது? அதுவும் கறுத்துக்கொண்டு வருது. அதுக்கும் மேல ஏதாவது பூசி விடேலாதா? ரெண்டும் ஒரே மாதிரி இருந்தாத்தானே ஆக்களுக்குத் தெரியாது."

செலீன் கண்ணைப் பாதி மூடி, வெளிச்சத்துக்குத் திருப்பிக் கண்டுபிடித்ததை அவன் போகிற போக்கில் சொல்லிவிட்டான்.

"அது கறுக்கிறது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"சித்திரையில இருந்து பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்" என்றான் றொஹான். வீட்டுக் கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னான்.

*

கீழே இறங்கும்போது டொக்டர் படி வரைக்கும் கூடவே வந்தார்.

"நானும் கண்டேன் மிஸ். கேட்டேன். விழுந்த எண்டு சொன்னாங்க. அவர் பக்கத்திலயே நிக்கிறார். அதுக்கு மேல நான் என்ன கேக்க?"

அவரைக் குறை சொல்லச் செலீனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பஸ்ஸில் புறக்கோட்டை வரும் வரைக்கும் தான் கொடுத்த வாக்கை நினைத்துக்கொண்டே வந்தாள். புறக்கோட்டையில் பஸ் மாறியபோது வாக்கு ஆட்டம் கண்டுவிட்டது. அந்த வீட்டின் பழக்கம் அப்படி. சின்ன வயதிலிருந்து றொஹான் எதை உடைத்தாலும், யாரோடு சண்டை போட்டாலும், வழக்கு முதலில் மம்மியிடம்தான் போகும். மம்மி ஒரு சொல் சொன்னால் அவன் அடங்கிவிடுவான். இந்த உலகத்தில் அவன் பயப்படுகிற ஒரே ஆள் மம்மி என்று செலீன் நம்பினாள். இரண்டு நாள் காத்திருப்பது அவளுக்குக் கோழைத்தனமாகப் பட்டது. நல்லது செய்யப் போகிறோம் என்று நினைத்துத்தான் லாபுக்குப் போகாமல் வீட்டுக்குப் போனாள். பாவி, போகாமல் இருந்திருக்கலாம்.

மாக்ரெட் குசினியில் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பல் சரியா?" என்றாள் நிமிராமல்.

"மம்மி, றொஹான் டில்ஷானிக்கு அடிக்கிறான்."

கத்தி நிற்கவில்லை. "மெல்லக் கதை. பக்கத்து வீட்டில ஆக்கள் இருக்கினம்."

"குளியலறையில விழேல்ல அவள். இதுக்கு முதலும் அடிச்சிருக்கிறான். ஈஸ்டர் நேரம். பக்கத்துப் பல் செத்துப்போச்சு மம்மி, என்ர கண்ணால கண்டனான்."

"ஞாயிற்றுக்கிழமை முடியட்டும்."

"என்ன?"

"பிள்ளை முதல் நன்மை எடுக்கட்டும். சம்பந்தியாக்கள் வந்து சந்தோசமாப் போகட்டும். பிறகு நான் அவனோட கதைக்கிறன். நீ பல்லைச் செய்து குடு."

செலீனுக்கு அப்போதுதான் விளங்கியது. "உங்களுக்குத் தெரியும்."

மாக்ரெட் வெட்டின வெண்டிக்காயைச் சட்டிக்குள் தள்ளினாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சுதான் என்னைச் செய்யச் சொன்னனீங்களா? கெதியா செய், வடிவா செய் எண்டு மூண்டு கிழமையா என்ர உயிரை எடுத்தது இதுக்குத்தானா?"

"உன்னைப்போல ஆரும் செய்யமாட்டினம். அதுதான்." மாக்ரெட் கத்தியைக் கழுவினாள். "என்ர பல்லையும் நீதானே செய்து தந்தனி. இந்த ஒழுங்கையில ஆராவது கண்டுபிடிச்சவையா? நானே கண்ணாடியில பாத்தா எது எண்டு மறந்து போகும்."

செலீன் படித்து முடித்து முதன்முதலாகச் செய்த நல்ல பல் அது. மாக்ரெட்டின் முன்பல் ஒன்று செலீன் குழந்தையாக இருந்தபோதே போய்விட்டது. துறைமுகக் குவாட்டர்ஸில் தண்ணீர்க் குழாயடிப் படியில் வழுக்கி விழுந்தாள் என்பது கதை. புதுப்பல் வைத்த அன்றைக்கு மாக்ரெட் ஒழுங்கை முழுவதும் சிரித்துக்கொண்டு போனாள். செலீனுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. அந்தப் பெருமையில்தான் இருபத்திரண்டு வருடமாக அவள் இந்த வேலையைச் செய்கிறாள்.

"நீங்கள் படியிலதானே விழுந்தனீங்கள்?"

"படியிலதான் விழுந்தனான்" என்றாள் மாக்ரெட். "விழுத்தினது ஆர் எண்டு நீ கேக்கேல்ல. நானும் சொல்லேல்ல."

முன்னறைச் சுவரில் சூசைதாசன் மாலைக்குள் இருந்தார். செலீனின் தகப்பன். செத்துப் பதினொரு வருடம். செலீனுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கியவர், ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் காணிக்கைத் தட்டுப் பிடித்தவர். செலீன் படத்தைப் பார்த்தாள். பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

"நீங்கள் பொறுத்தீங்கள் எண்டா அவளும் பொறுக்கோணுமா மம்மி?"

மாக்ரெட் சோற்றைப் போட்டுக் கோப்பையை மேசையில் வைத்தாள். செலீன் சாப்பிடவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் படலை வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள்.

"உங்கட மகனை நீங்கள்தான் கேக்கோணும். நீங்கள் கேட்டா நிப்பாட்டுவான். ஒருக்காவாவது கேளுங்கோ."

அதைச் சொல்லிவிட்டு லாபுக்குப் போய்விட்டாள். வாக்கு மீறிய குற்றம் மனதை அறுத்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னோம் என்று கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவள் எத்தனை நாள் அழப்போகிறாளோ தெரியாது.

*

நாலரை மணிக்குப் பல் உருவாகியிருந்தது.

பீங்கான் தூளை நீரில் குழைத்து, தூரிகையால் அடுக்கடுக்காக வைத்திருந்தாள். சுடுவதற்கு முன்னால் அது சுண்ணாம்பைப்போல் வெளிறித்தான் இருக்கும், சூளைக்குள் போய் வந்தால்தான் உண்மை நிறம் தெரியும். கலியாணத்தன்று இருந்த ஏ-டூ. பக்கத்துப் பல்லின் சாம்பலை அவள் இதில் சேர்க்கவில்லை. தெரிந்தால் தெரியட்டும். சனிக்கிழமை வருகிற தாய்க்குக் கண் இருந்தால் காணட்டும். அந்த அளவுக்குத்தான் அவளுக்கு இன்று துணிச்சல் வந்திருந்தது.

தட்டைச் சூளைக்குள் வைக்கப் போனபோது போன் அடித்தது. டொக்டர் இப்திகார்.

"மிஸ், அந்தப் பல்லைச் சுட்டுட்டீங்களா?"

"இல்லை டொக்டர், இப்பத்தான்..."

"சுடாதீங்க. இனி ஒண்டு போதாது."

செலீனின் கை தட்டோடு அப்படியே நின்றது.

"உங்கட மச்சாள் இங்கதான் இருக்கிறாங்க. மகளோட ஓட்டோவில வந்தாங்க. தனியத்தான். மற்றப் பல்லும் போயிட்டுது, வேரோட. லேஞ்சித் துணியில சுத்திக் கொண்டு வந்திருக்கிறாங்க. சொண்டுக்கு நாலு தையல் போட்டேன்." அவர் மூச்சு வாங்கினார். "இரண்டரைக்கு வேலையில இருந்து வீட்டுக்கு வந்தாராம். அடிச்சிட்டு, முகத்தைக் கழுவிட்டுத் திரும்ப வேலைக்குப் போயிட்டாராம்."

"பிள்ளை?"

"பிள்ளை பார்த்துக்கொண்டு நிண்டிருக்குது. அது ஒண்டும் பேசுதில்ல. பொலிசுக்குப் போவோம் எண்டு சொன்னேன். முதல்ல மச்சாள் வரட்டும் எண்டு சொல்றாங்க. உங்களைத்தான் கேக்கிறாங்க."

மம்மிக்குச் சொல்லாதேங்கோ என்று சொன்னவள், சொல்லிவிட்டு வந்தவளைத்தான் கேட்கிறாள். அவளுக்கு இன்னும் தெரியாது போலிருக்கிறது. அல்லது தெரிந்தும் வேறு ஆள் இல்லை. செலீன் தட்டை அப்படியே மேசையில் வைத்தாள். பல் சரிந்து பொடியாக உதிர்ந்தது. திரும்பிப் பார்க்காமல் படி இறங்கி வீதிக்கு ஓடினாள்.

"மல்லி, வெள்ளவத்தை. இக்மனட்ட யமு!"

தம்பி, கெதியாப் போவோம் என்று அவள் சிங்களத்தில் கத்தியதும், ஓட்டோக்காரன் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு மீற்றரைக்கூடப் போடாமல் எடுத்தான். நேரம் ஐந்தாகிக்கொண்டிருந்தது. ஒபிஸ் விட்டு வந்த கூட்டம் வீதிக்கு வந்துவிட்டது. பின்னேர மழைக்கு வானம் இருட்டியிருந்தது. கோட்டையைத் தாண்ட இருபது நிமிடம். காலி முகத்திடலில் கொஞ்சம் ஓடியது, கொள்ளுப்பிட்டிச் சந்தியில் நின்றேவிட்டது. முன்னால் இரண்டு பஸ், பக்கத்தில் ஒரு லொறி.

போன் அடித்தது. மம்மி என்று காட்டியது.

செலீன் எடுப்பதா விடுவதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது தடவை அடிக்கும்போது எடுத்தாள்.

"செலீன், டில்ஷானி உன்னட்ட வந்தவளா? றொஹான் தேடுறான். வீட்டுக்குப் போன் அடிச்சு ஆரும் எடுக்கேல்லையாம்."

நாற்பத்து மூன்று வருடத்தில் தாயிடம் அவள் எதையும் மறைத்ததில்லை.

"இல்லை மம்மி. நான் காணேல்ல."

பஸ் ஒன்று ஹோர்ன் அடித்து ஓய்ந்தது.

"கேட்டனான் செலீன்" என்றாள் மாக்ரெட். குரல் அவளுடையதாகவே இல்லை. "நீ போனோண்ண அவனுக்குப் போன் எடுத்தனான். வாழ்க்கையில முதன்முதலா ஏசினனான். இனி அவளில கை வைச்சா நீ என்ர மகனில்லை எண்டு சொன்னனான். ஓம் மம்மி, ஓம் மம்மி எண்டு கேட்டுக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளையாட்டம் கேட்டுக்கொண்டிருந்தான்."

கேளுங்கோ என்று சொன்னவள் செலீன்தான். படலையிலிருந்து திரும்பி வந்து சொன்னவள் அவள்தான்.

"என்ன செய்தவன்? சொல்லு. அவள் உயிரோட இருக்கிறாளா?"

"இருக்கிறாள் மம்மி."

"டொக்டரிட்டயா?"

பொய்யை இரண்டாவது தடவை சொல்லச் செலீனுக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது. மாக்ரெட்டுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"அவனும் அதைத்தான் நினைச்சிருக்கிறான். ஒருகொடவத்தையால வெளிக்கிட்டு அரை மணித்தியாலமாகுது. மோட்டார் சைக்கிள்ல. நீ எங்க நிக்கிறாய்?"

"கொள்ளுப்பிட்டியில. அசையுதில்ல மம்மி, ஒண்டும் அசையுதில்ல."

"அழாதை. சொல்லுறதைக் கேள். போனை வைச்சிட்டு டொக்டருக்கு எடு." மாக்ரெட்டின் மூச்சு இரைத்தது. ஒவ்வொரு சொல்லையும் பிடுங்கித்தான் வெளியே போட்டாள். "கதவைப் பூட்டச் சொல்லு. பொலிசைக் கூப்பிடச் சொல்லு. அவன் வந்து அழுவான், காலில விழுவான், நல்லாக் கதைப்பான். திறக்க வேண்டாமெண்டு சொல்லு. அவனைப் பெத்தவ சொன்னவ எண்டு சொல்லு, செலீன்."